பொட்டும் அபாயாவும்: கல்முனைக் கரையிலிருந்து உடை அரசியல் குறித்து

2018 முதல் 2024 வரையான காலத்தில் இலங்கையில் முஸ்லிம் பெண்களின் உடை குறைந்தது ஆறு தடவைகள் நாடளாவிய சர்ச்சையாகியிருக்கிறது.

2018 ஏப்ரலில் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தமைக்கு எதிராக ஆர்ப்பாட்டம் நடந்தது. 2019 ஏப்ரல் 29 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு தாக்குதலை அடுத்து, முகத்தை மூடும் ஆடைகள் அவசரகால விதிகளின் கீழ் தடை செய்யப்பட்டன. அதே ஆண்டு மே மாதம் ஹசலகவில் முஸ்லிம் பெண்ணொருவர் அணிந்திருந்த சட்டையில் தர்மச்சக்கரம் இருப்பதாகக் கூறிப் பொலிஸார் அவரைக் கைது செய்தனர். துணியில் அச்சிடப்பட்டிருந்தது கப்பலைத் திருப்பும் சுக்கான் சக்கரம். அந்த மாத இறுதியிலேயே, அரச அலுவலகப் பெண்கள் சேலை அல்லது கண்டிச் சேலை மட்டுமே அணிய வேண்டும் என்று பொது நிர்வாக அமைச்சு சுற்றறிக்கை அனுப்பியது. 2021 மார்ச்சில் புர்காவைத் தடை செய்யும் அமைச்சரவைப் பத்திரத்தில் தான் கையெழுத்திட்டு விட்டதாக அப்போதைய பொது மக்கள் பாதுகாப்பு அமைச்சர் சரத் வீரசேகர அறிவித்தார். 2024 மே மாத இறுதியில் க.பொ.த உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானபோது, திருகோணமலை சாஹிரா கல்லூரி மாணவிகள் 70 பேரின் பெறுபேறுகள் மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டன. பரீட்சை மண்டபத்தில் அவர்களது காதுகள் தெரியவில்லை என்பதே காரணம்.

இந்த ஆறில் முதலாவதும் இறுதியானதும் கிழக்கு மாகாணத்தின் தலைநகரில் நடந்தவை. முதலாவதில் எதிர்த்தரப்பில் நின்றவர்கள் பொதுபல சேனாவினர் அல்லர், தமிழர்கள். தமிழ் ஊடகங்களில் அது பற்றி அப்போது நிறைய எழுதப்பட்டது. ஆனால் போரைக் கடந்து வந்த ஒரு தமிழ்ச் சமூகம், இன்னொரு சிறுபான்மைச் சமூகத்தின் பெண்ணிடம் “நீ இந்த உடையில் உள்ளே வர முடியாது” என்று சொன்னதன் பொருள் என்ன என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே போயிற்று. அதைக் கல்முனைக் கரையிலிருந்து கேட்க விரும்புகிறேன்.

ஒரே தறித் துணி

நான் பாண்டிருப்பைச் சேர்ந்தவள். மட்டக்களப்பிலிருந்து வரும் பிரதான வீதியில் எங்களுக்கு வடக்கே மருதமுனை, தெற்கே கல்முனை. அதைத் தாண்டினால் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊருமாக மாறி மாறி வரும். ஊர்ப் பெயர்ப்பலகையைப் பார்க்காமலே எந்த ஊரில் நிற்கிறோம் என்று இன்று சொல்லிவிடலாம், வீதியில் நடக்கும் பெண்களின் உடையைப் பார்த்தே. என் அம்மம்மாவின் காலத்தில் அது அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை.

மருதமுனை, நெசவால் பெயர் பெற்ற முஸ்லிம் ஊர். கைத்தறிச் சேலையும் சாரனும் அங்கிருந்து நாடெங்கும் போயின. எங்கள் ஊரில் கலியாணம், கோயில் திருவிழா, தைப்பொங்கல் என்று எது வந்தாலும் மருதமுனைச் சேலை ஒன்றாவது வீட்டுக்கு வரும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கு வரும் பெண்கள் உடுத்திருந்த சேலைகளில் எத்தனையோ, பக்கத்து ஊர் முஸ்லிம் வீடுகளின் தறியில் நெய்யப்பட்டவை. சபையில் சேலை உரியப்பட்ட ஒருத்தியைத் தெய்வமாகக் கும்பிடும் ஊருக்கு அயலூர்தான் சேலை நெய்து கொடுத்தது.

அதே சேலையைத்தான் மருதமுனைப் பெண்களும் உடுத்தார்கள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டால் முக்காடு. போடாமல் தோளில் விட்டு நெற்றியில் பொட்டு வைத்தால் தமிழ்ப் பெண். வித்தியாசம் ஒரு முழத் துணிக்குள் அடங்கிவிட்டது. காது குத்துவது, கழுத்து நகை, வளையல் எல்லாவற்றிலும் இரு பக்கத்துக்கும் பொதுவானவை ஏராளம். இந்தக் கரையில் முஸ்லிம் கலியாணத்திலும் தாலி கட்டும் வழக்கம் இருந்தது. தாய்வழிக் குடிமுறை இரு சமூகங்களிலும் உண்டு. மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனை அந்த வீட்டுக்கு எடுப்பதும் இரு பக்கத்திலும் ஒன்றே. அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008 இல் வெளியிட்ட நூலில் இந்த ஒற்றுமைகளை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

இந்த ஒற்றுமையைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 1888 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டுமே வேறானவர் என்று வாதிட்டுக் கட்டுரை எழுதினார். மொழியும் வழக்கங்களும் அதற்குச் சான்றுகளாயின. சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டுமா என்ற கேள்வி நிலவிய காலம் அது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907 இல் அதற்கு மறுப்பு எழுதினார். “நீங்களும் நாங்களும் ஒன்று” என்று தமிழர் சொல்லும்போதெல்லாம், “அப்படியானால் எங்களுக்கு இடம் வேண்டியதில்லை என்கிறீர்களா?” என்ற கேள்வி முஸ்லிம்களின் மனதில் எழுவதற்கு இந்த வரலாறு காரணம். எனவே “முன்பு எல்லாரும் சேலைதானே உடுத்தினீர்கள்” என்று ஒரு தமிழர் இன்று கேட்டால், அது வெறும் பழைய நினைவாக மட்டும் கேட்பவர் காதில் விழாது.

எப்போது மாறியது?

அபாயா “அரபு மயமாதல்” என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது இங்கு வழக்கமாகிவிட்டது. நான் கண்ட மாற்றம் அதைவிடச் சிக்கலானது. குறைந்தது மூன்று காரணங்கள் ஒன்றாக வந்தன.

முதலாவது, 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய வளைகுடா நாட்டு வேலைவாய்ப்பு. போனவர்கள் பணத்தோடு அந்நாட்டு உடையையும் பழக்கங்களையும் கொண்டு வந்தார்கள். இரண்டாவது, தப்லீக் ஜமாஅத் முதல் தௌஹீத் அமைப்புகள் வரையான மார்க்க மறுமலர்ச்சி இயக்கங்கள். தாலி, குரவை, தர்கா வழிபாடு போன்றவற்றையெல்லாம் “இது மார்க்கத்தில் உள்ளதா?” என்று அவை கேள்விக்கு உட்படுத்தின. உடையும் அந்தக் கேள்விக்குள் வந்தது.

மூன்றாவது காரணத்தை நாங்கள் அதிகம் பேசுவதில்லை. அது போர். 1985 ஏப்ரலில் காரைதீவுத் தமிழர் தாக்கப்பட்டனர். 1990 ஆகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில நாட்களில் ஏறாவூர். அதே மாதம் வீரமுனையில் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அந்த ஒரு வருடத்துக்குப் பிறகு இந்தக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரோடு ஒருவர் கலந்து தெரிவது ஆபத்தானதாயிற்று. சோதனைச் சாவடியில் பொட்டு வைத்த பெண்ணும் முக்காடு போட்ட பெண்ணும் ஒரே மாதிரி நடத்தப்படவில்லை. பஸ்ஸிலிருந்து இறக்கி வரிசையில் நிறுத்தப்படும்போது, யார் எந்தச் சமூகம் என்பதைத் தூரத்திலிருந்தே காட்டும் உடை இருந்தால் சில வேளை உயிர் தப்பலாம். சில வேளை அதனாலேயே போகலாம். அடையாளம் உடம்பின் மேல் தெளிவாக எழுதப்பட வேண்டிய காலம் அது.

அன்று பிரிந்தவை பின்னர் கட்டடங்களாகவும் நிலைத்தன. கல்முனையில் நடந்து போகும் தூரத்தில் இரண்டு பெரிய வைத்தியசாலைகள்: ஒன்றுக்குப் பெரும்பாலும் முஸ்லிம்கள் போவார்கள், மற்றதற்குத் தமிழர். பிரதேச செயலகத்தைப் பற்றிய இழுபறி மூன்று தசாப்தங்களைத் தாண்டியும் தீரவில்லை. எல்லாமே இரண்டாகப் பிரிந்த ஊரில் சேலை மட்டும் பொதுவாக நீடிக்கும் என்று எதிர்பார்ப்பது எப்படி?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போரினால் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாமற் போன முஸ்லிம் மாணவர்களின் தேவையிலிருந்து, 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996 இல் பல்கலைக்கழகமானது ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம். இந்தக் கரையின் முஸ்லிம் வீடுகளிலிருந்து பட்டதாரிப் பெண்கள் பெருந்தொகையில் வெளிவந்தார்கள். அவர்களில் பலர் அபாயா அணிந்தே படிக்கப் போனார்கள். பதினாறு வயதில் படிப்பை நிறுத்தி வீட்டில் வைக்கப்பட்ட தாய்மாரின் பிள்ளைகள் அவர்கள். “இதைப் போட்டுக்கொண்டு போகிறேன்” என்று சொல்லித்தான் சில பிள்ளைகள் வீட்டுப் படலையைத் தாண்ட முடிந்தது. அடக்குமுறையின் சின்னம் என்று வெளியிலிருந்து பார்க்கப்படும் ஒரு துணி, உள்ளிருந்து பார்க்கும்போது பஸ் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டாகவும் இருந்திருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

பொட்டை அழித்த கைகள்

உடையால் அடையாளம் காணப்பட்டுத் தண்டிக்கப்படுவது என்றால் என்ன என்று இந்த நாட்டில் வேறு யாரும் தமிழருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1958 இலும் 1983 ஜூலையிலும் கொழும்பிலும் தெற்கிலும் தமிழ்ப் பெண்கள் தங்கள் பொட்டைத் தாங்களே அழித்தார்கள். தாலியைச் சட்டைக்குள் மறைத்தார்கள். காடையர்கள் ஆண்களின் காதில் துளை இருக்கிறதா என்று பார்த்தார்கள். அதன் பின்னர் கால் நூற்றாண்டு காலம், கொழும்பில் அலுவலகம் போன எத்தனையோ தமிழ்ப் பெண்கள் பொட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். நெற்றியில் இருந்த அந்தச் சிறு புள்ளி ஒரு அடையாள அட்டையாக வேலை செய்தது. அதை வாசித்தவர்கள் கையில் துவக்கோ பொல்லோ இருந்தது.

இன்னும் பின்னால் போனால், தமிழருக்குள்ளேயே உடை மறுக்கப்பட்ட வரலாறும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை அணியவும் நகை போடவும், ஆண்கள் தோளில் சால்வை போடவும் தடுக்கப்பட்டார்கள். மீறியவர்கள் அடிக்கப்பட்டார்கள். கடலுக்கு அப்பால் தென் திருவிதாங்கூரில் சாணார் சமூகப் பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்காகப் பல தசாப்தங்கள் போராடினார்கள். 1859 இல் அரச பிரகடனத்தின் மூலம் அந்த உரிமை கிடைத்தபோதுகூட, உயர்சாதிப் பெண்களைப் போலவே அணியக்கூடாது என்ற நிபந்தனை அதில் இருந்தது. அங்கே “உடலை மூடாதே” என்றார்கள். இன்று “இவ்வளவு மூடாதே” என்கிறார்கள். ஒரு பெண்ணின் துணியின் அளவைத் தீர்மானிக்கும் அதிகாரம் தங்களிடம் இருக்கிறது என்ற நினைப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

முஸ்லிம்களுக்கும் இது புதிதல்ல. 1905 இல் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் உயர் நீதிமன்றத்தில் தோன்றியபோது பிரதம நீதியரசர் லேயார்ட் அதற்கு ஆட்சேபம் தெரிவித்தார். அந்த ஆண்டு டிசம்பர் 31 ஆம் திகதி மருதானையில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இலங்கை முஸ்லிம்களின் நவீன அரசியல் விழிப்பை ஒரு தொப்பியிலிருந்து தொடங்கி எழுதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. தலையில் இருப்பதைக் கழற்றச் சொன்னால் அந்தச் சமூகம் அரசியலாகத் திரளும் என்பது நூறு வருடங்களுக்கு முன்பே தெரிந்த பாடம்.

சண்முகாவின் நியாயமும் அதன் எல்லையும்

2018 ஆர்ப்பாட்டத்தில் நின்ற தமிழ்ப் பெற்றோரை மதவெறியர்கள் என்று ஒதுக்கிவிடுவது சரியாகாது. திருகோணமலைத் தமிழருக்கு ஓர் அச்சம் இருக்கிறது. காணி போகிறது, கோயில் நிலத்தில் தொல்பொருள் பலகை நடப்படுகிறது, மாவட்டத்தில் தங்கள் விகிதம் குறைந்து வருகிறது என்ற அச்சம். கன்னியா வெந்நீரூற்றில் நடப்பதைப் பார்த்தவர்கள் அதைக் கற்பனை என்று சொல்ல மாட்டார்கள். இந்து மக்கள் தங்கள் பிள்ளைகளுக்காகக் கட்டியெழுப்பிய ஒரு பாடசாலையின் மரபு, எஞ்சியிருக்கும் சிலவற்றில் ஒன்று என்று அவர்கள் உணர்ந்தார்கள்.

ஆனால் அந்த அச்சத்தை உண்டாக்கியது யார்? ஓர் ஆசிரியையின் அபாயா அல்ல. காணியை எடுத்தவர்களிடம் கேட்க முடியாத கேள்வி, இடமாற்றம் பெற்று வந்த ஓர் அரச ஊழியரிடம் கேட்கப்பட்டது. பலம் உள்ளவரிடம் காட்ட முடியாத கோபத்தைப் பலம் குறைந்தவரிடம் காட்டுவது இனமுரண்பாட்டின் மிகப் பழைய வழி. மேலும், அரச சம்பளம் பெறும் ஆசிரியையின் உடையை ஒரு பாடசாலையின் மரபு தீர்மானிக்கலாம் என்றால், சிங்களப் பௌத்த பாடசாலையொன்று நாளை ஒரு தமிழ் ஆசிரியையிடம் பொட்டை அழித்துவிட்டு வா என்று சொல்வதையும் நாங்கள் ஏற்க வேண்டி வரும். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 2019 இல் அந்த ஆசிரியைகளின் உரிமை மீறப்பட்டதாக முடிவு செய்தது. அதற்குப் பின்னரும் 2022 பெப்ரவரியில் ஆசிரியையொருவர் அதே பாடசாலைக்குத் திரும்பியபோது முறுகல் ஏற்பட்டு, இரு தரப்பும் பொலிஸில் முறைப்பாடு செய்து, விடயம் நீதிமன்றம் வரை போனது. நான்கு வருடங்களில் எங்கள் அரசியல் தலைமைகளோ, சிவில் சமூகமோ இரு தரப்பையும் ஒரு மேசையில் இருத்திப் பேச வைக்கவில்லை.

பின்னர் நடந்ததைக் கவனியுங்கள். திருகோணமலையில் தமிழர் முன்வைத்த வாதம், அதாவது “சேலைதான் ஒழுங்கான உடை”, ஒரு வருடம் கழித்து அரச சுற்றறிக்கையாகவே வந்தது. சேலை அல்லது கண்டிச் சேலை என்ற அந்த உத்தரவு கடும் எதிர்ப்புக்குப் பின்னர் திருத்தப்பட்டது. ஆனால் 2022 நவம்பரில், பொருளாதார நெருக்கடியில் சேலைக்குச் செலவழிக்க முடியாது என்று வேறு உடையில் பாடசாலை போன ஆசிரியைகள் எல்லாச் சமூகங்களையும் சேர்ந்தவர்கள். முஸ்லிம் பெண்ணைக் கட்டுப்படுத்தத் தூக்கிய கோல் மற்றப் பெண்களின் பக்கமும் திரும்பும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

சாய்ந்தமருதுக்குப் பின்னர்

2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில், சஹ்ரானின் குடும்பத்தினர் தங்கியிருந்த வீட்டில் குண்டுகள் வெடித்துச் சிறுவர்கள் உட்படப் பலர் இறந்தார்கள். அந்த வீட்டில் சந்தேகத்துக்குரியவர்கள் இருக்கிறார்கள் என்று தகவல் கொடுத்தவர்கள் ஊர் முஸ்லிம்களே. அந்த உண்மை சில நாட்களிலேயே மறக்கப்பட்டது, மிஞ்சியது சந்தேகம். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவே முகத்தை மூட வேண்டாம் என்று பெண்களைக் கேட்டுக்கொண்டது. சட்டம் முகத்தை மட்டுமே சொன்னது. ஆனால் வைத்தியசாலை வாசலிலும் வங்கியிலும் கடையிலும் தலைத்துணியையும் கழற்றச் சொன்னவர்கள் இருந்தார்கள். அவசரகால நிலை 2019 ஆகஸ்டில் முடிவுக்கு வந்தது. பழக்கமாகிப்போன சந்தேகம் முடிவுக்கு வரவில்லை. ஐந்து வருடங்கள் கழித்துப் பரீட்சை மண்டபத்தில் 70 பிள்ளைகளின் காதில் வந்து நின்றது அந்தச் சந்தேகம்தான்.

காதில் புளூடூத் கருவி மறைத்து வைக்கலாம் என்ற கவலை நியாயமற்றதல்ல. ஆனால் அதைத் தீர்க்க எளிய வழி உண்டு. மண்டபத்துக்குள் போகும் முன் பெண் உத்தியோகத்தர் ஒருவர் தனியிடத்தில் ஒரு நிமிடம் பார்த்தால் போதும். அதைச் செய்யாமல் பரீட்சை எழுத விட்டு, மாதங்கள் கழித்துப் பெறுபேற்றை நிறுத்தி வைத்தமை பரீட்சையின் நேர்மையைக் காப்பாற்றவில்லை. எதிர்ப்புகளுக்குப் பின்னரே அவை வெளியிடப்பட்டன. பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் ஒரு பிள்ளைக்கு அந்த நாட்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை, போர்க்காலத்தில் செல் சத்தத்துக்குள் உயர்தரம் எழுதிய எங்கள் தலைமுறைக்கு விளக்கத் தேவையில்லை.

வீட்டுக்குள் இருக்கும் கேள்வி

இவ்வளவும் சொன்ன பிறகு, அபாயா அணியும் உரிமையைப் பேசுபவர்கள் அணியாமல் இருக்கும் உரிமையையும் பேச வேண்டும். இந்தக் கரையில் முக்காடு மட்டும் போட்டுச் சேலை உடுத்தும் முஸ்லிம் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு உறவினரும் அயலவரும் கொடுக்கும் நெருக்குதல் சிறியதல்ல. முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தக் கோரிக் குரல் கொடுக்கும் கிழக்கின் முஸ்லிம் பெண்களே இதையும் பேசி வருகிறார்கள். அவர்களது விவாதத்தை நாங்கள் பறித்துக்கொண்டு, “பார்த்தீர்களா, உங்கள் பெண்களே சொல்கிறார்கள்” என்று ஆயுதமாக்கினால், முதலில் வாயடைக்கப்படுபவர்கள் அவர்கள்தான். வெளியிலிருந்து தாக்குதல் வரும்போதெல்லாம் உள்ளே கேள்வி கேட்பவள் துரோகி ஆகிவிடுகிறாள். இதுவும் தமிழருக்குப் பழக்கமான கதை.

உலகமும் இதையே காட்டுகிறது. பிரான்ஸ் 2023 இல் அரச பாடசாலைகளில் அபாயாவைத் தடை செய்தது. கர்நாடகாவில் 2022 இல் வகுப்பறையில் ஹிஜாப் தடுக்கப்பட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் இரு வேறு தீர்ப்புச் சொல்லி நின்றது. ஈரானில் அதே ஆண்டு, தலைத்துணியைச் சரியாக அணியவில்லை என்று பிடிக்கப்பட்ட மஹ்சா அமினி காவலில் வைக்கப்பட்ட பின் இறந்தார். கழற்று என்பதும் போடு என்பதும் எதிரெதிர்க் கட்டளைகள் போலத் தெரிந்தாலும், பொலிஸ்காரன் நிற்பது ஒரே பக்கத்தில்தான்.

தறிகள் நிற்கின்றன

இந்தச் சண்டைகளுக்கு நடுவே சேலை நெய்தவர்களுக்கு என்ன நடந்தது? 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கரையோர ஊரான மருதமுனையில் உயிர்களோடு தறிகளும் போயின. தொண்டு நிறுவனங்கள் சில தறிகளைத் திருப்பிக் கொடுத்தன. ஆனால் நூல் விலையோடும், இந்தியாவிலிருந்து வரும் விசைத்தறிச் சேலையின் விலையோடும் கைத்தறியால் ஈடுகொடுக்க முடியவில்லை. இளையவர்கள் தறியில் உட்காராமல் கட்டாருக்குப் போகிறார்கள். 2020 இல் பத்திக், கைத்தறித் துணிகளுக்கென்று தனியான இராஜாங்க அமைச்சு உருவாக்கப்பட்டபோதும், மருதமுனையில் எனக்குத் தெரிந்த குடும்பங்களின் நிலை பெரிதாக மாறவில்லை.

அங்கு தறியை நிறுத்திவிட்ட ஒரு காக்காவிடம் சண்முகா விவகாரம் பற்றிப் பேசியபோது அவர் கோபப்படவில்லை. சேலை கட்டச் சொல்லி ஊர்வலம் போகிறவர்கள், அந்தச் சேலையை நெய்கிறவன் யார் என்று ஒரு நாளாவது கேட்டார்களா என்று மட்டும் கேட்டார். “தமிழ்ப் பண்பாட்டு உடை” என்று நாங்கள் காக்கப் புறப்பட்ட துணியில் ஒரு பகுதி முஸ்லிம் கைகளில் உண்டானது. அந்தக் கைகள் ஓய்ந்தபோது பண்பாட்டுக் காவலர் எவரும் வரவில்லை. கல்முனைக் கடைகளில் இன்று சேலையும் அபாயாத் துணியும் வெளிநாட்டுப் பொதிகளில் வந்து இறங்குகின்றன. இரு சமூகமும் தங்கள் தனித்துவம் என்று உடுத்துவது எங்கோ தொலைவில் நெய்யப்பட்ட துணியை.

என்ன செய்யலாம்?

செய்யக் கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. கிழக்கு மாகாண கல்வி அமைச்சு, எந்தப் பாடசாலைக்கு இடமாற்றம் பெற்றாலும் ஆசிரியரின் உடைக்கு ஒரே விதி என்று எழுத்தில் கொடுக்க வேண்டும்: முகம் தெரிய வேண்டும், கற்பித்தலுக்கு இடையூறாக இருக்கக்கூடாது, அதற்கு மேல் பாடசாலை தலையிட முடியாது. அதே விதி முஸ்லிம் பாடசாலைக்கு வரும் தமிழ் ஆசிரியைக்கும் பொருந்த வேண்டும். சேலையும் பொட்டுமாக அங்கு போகும் ஆசிரியை எந்த முகச்சுளிப்பையும் சந்திக்கக்கூடாது. பரீட்சைத் திணைக்களம் பெண் உத்தியோகத்தர் மூலமான சோதனையை நடைமுறையாக்கி, முன்கூட்டியே பாடசாலைகளுக்கு அறிவிக்க வேண்டும். பாடசாலைகளும் கோயில்களும் கூட்டுறவுச் சங்கங்களும் வருடத்துக்கு ஒரு முறையாவது தங்கள் துணித் தேவையில் ஒரு பகுதியை மருதமுனையிலிருந்து வாங்கினால், நல்லிணக்கக் கருத்தரங்குகள் செய்யாததை அது செய்யும்.

இவை நடக்குமா என்று கேட்பவர்களுக்கு 2021 பெப்ரவரியை நினைவூட்டுகிறேன். கோவிட் தொற்றால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் அப்போது கட்டாயமாக எரிக்கப்பட்டு வந்தன. பிறந்து இருபது நாளேயான குழந்தையொன்று எரிக்கப்பட்ட பின்னர், பொரளை மயான வாயிலில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். இறந்தவருக்குச் சுற்றும் கபன் துணியின் நினைவு அது. ஒரு மனிதர் உடுத்தும் கடைசி ஆடையைக்கூட மறுத்த அரசுக்கு அந்தத் துணியாலேயே பதில் சொன்னார்கள். பெப்ரவரி 3 ஆம் திகதி பொத்துவிலில் தொடங்கிய “பொத்துவில் முதல் பொலிகண்டி வரை” நடைபவனியின் கோரிக்கைகளில் ஜனாஸா எரிப்பை நிறுத்துவதும் ஒன்றாக இருந்தது. அது இந்தக் கரை வழியாக வந்தபோது முஸ்லிம்கள் வீதிக்கு வந்து கூடவே நடந்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரும் அபாயா அணிந்த பெண்களும் ஒரே வெயிலில் நடந்ததை நான் பார்த்தேன். யாரும் யாருடைய உடையையும் அன்று பார்க்கவில்லை. அந்த மாத இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது; அதற்கு அனைத்துலக அழுத்தமும் காரணம், ஆனால் அந்த நடையும் ஒரு காரணம்.

சண்முகாவுக்கும் சாஹிராவுக்கும் அடுத்து இன்னொரு சர்ச்சை வரும். அது கல்முனையில்கூட வரலாம். அப்போது ஒரு தமிழ்ப் பாடசாலையின் வாசலில் யாராவது ஒரு பெண்ணை நிறுத்தினால், முதலில் அங்கு போய்ப் பேச வேண்டியவர்கள் தமிழர்களே. அந்த வாசலில் நிற்பவளுக்காக முஸ்லிம் அரசியல்வாதி பேசினால் அது தேர்தல் ஆகிவிடும். சிங்கள அமைச்சர் பேசினால் பிரித்தாளுதல் ஆகிவிடும். 1983 இல் தன் பொட்டைத் தானே அழித்த ஒரு தாயோ, அவளது மகளோ போய் “பிள்ளையை உள்ளே விடுங்கள்” என்று சொன்னால், அதை மறுத்துப் பேச எவருக்கும் வாய் வராது.